மாரிக்கு வழுக்கையாறு, கோடைக்கு இரணைமடு: நன்னீர் மீன் எப்ப, எங்க, எதுக்குக் கடிக்கும்?

அளவெட்டியான் · ஒக்ரோபர் 12

கடல்மீனுக்கு இந்தக் கருத்துக்களத்தில எத்தினையோ இழை ஓடுது. சீலாவுக்கு எந்தத் தூண்டில் முள்ளு, ஓராவை எப்பிடிக் காய்ச்சிறது எண்டு எல்லாம் கதைச்சு முடிச்சாச்சு. நன்னீருக்கு எண்டு ஒண்டையும் காணேல்லை. மழை தொடங்கப்போகுது. வழுக்கையாறு ஓட வெளிக்கிட்டால் எங்கட பக்கத்துப் பெடியள் தடியும் தங்கூசி நூலுமாய் மதகடியிலதான் நிப்பாங்கள். அதுக்கு முதல் விசயம் தெரிஞ்ச ஆக்கள் வந்து எழுதினால் நல்லம்.

வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, எங்கட ஊர் அளவெட்டி, கந்தரோடை, சங்குவேலி, நவாலி, வட்டுக்கோட்டை எண்டு போய் அராலியில கடல்நீரேரிக்குள்ள விழும் வரைக்கும் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். ஒவ்வொரு இடத்திலயும் மீன் ஒவ்வொரு மாதிரி. எந்தக் காலம் எது வரும், என்ன இரை, எங்க நிண்டால் கிடைக்கும்? தொண்டைமானாறு, வன்னிக் குளங்கள் தெரிஞ்ச ஆக்களும் வாங்கோ.

தீவான் · ஒக்ரோபர் 12

குடாநாட்டில ஆறா? மழைத்தண்ணி ஓடுற வாய்க்காலுக்கு இழை திறந்த ஒரே ஆள் நீங்கள்தான் அண்ணை 😀 பாசையூருக்கு வாங்கோ, மீன் எண்டால் என்னெண்டு காட்டுறம்.

கந்தரோடைப் பேரன் · ஒக்ரோபர் 13

தீவான், சிரிக்கிறதைச் சிரிச்சு முடியுங்கோ. வருசம் முழுக்க ஓடுற ஆறு எங்களுக்கு இல்லைத்தான். குடாநாட்டுக்குக் கீழ முழுக்கச் சுண்ணக்கல்லு. பெய்யிற மழை நிலத்துக்குள்ள இறங்கிப்போயிடும், மேல ஓட மிச்சம் கிடையாது. நிலம் ஊறி, குளங்கள் நிரம்பி, இனி ஏலாது எண்ட பிறகுதான் வழுக்கையாறு ஓடும். அதால ஒக்ரோபர் மழையை நம்பித் தடி வெட்டாதேங்கோ. கார்த்திகையில ஒரு தாழமுக்கம் வந்து நாள்கணக்கில விடாமல் கொட்டோணும்.

அளவெட்டியானுக்கு என்ர கணக்கு:

முதல் தண்ணிக்குப் பனையேறி. குளத்தில கிடந்தது புதுத்தண்ணி மணத்துக்கு வயலுக்கு ஏறும். மழை இரவில ஒழுங்கையில நடந்து போறதையே கண்டிருக்கிறன். சின்ன முள்ளு, அதில நாக்கிளிப் புழு, பாட்டாச் செருப்புத் துண்டில ஒரு தக்கை. இவ்வளவும் காணும். கழட்டேக்க கவனம், செவிள் மூடியில அரம் மாதிரி முள்ளு இருக்கு.

அதோட சேர்ந்து குறவை. வயல் வரம்பு உடைச்சுப் பாயுற இடத்தில, தண்ணி விழுற வாயில நிக்கும்.

வெள்ளம் வந்த அண்டைக்கே ஓடிப் போறவன் நனைஞ்சு வாறதுதான். தண்ணி மண் கலங்கி ஓடேக்க விரால் ஒதுங்கிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாத இரையைத் துரத்தாது. மழை விட்டு, தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு இறங்கினாப் பிறகு போகோணும். கலங்கின தண்ணியில கெளுத்தி பிடிக்கலாம். அதுக்குக் கண் தேவையில்லை, மீசை காணும். இரவில, அடியில ஈயம் போட்டு விட்டால் தானா வரும்.

விரால் மார்கழியிலதான். தாமரை இலை, நீர்த்தாவரம் கிடக்கிற ஓரம், மதகுக்குக் கீழ சுழி விழுந்து அமந்த இடம். சின்னத் தவளைக்குஞ்சை முதுகில கொழுவி மேலாலை இழுக்கிறதுதான் எங்கட ஊர் முறை. கவ்வின உடனே வெட்டி இழுத்தால் வெறும் முள்ளுத்தான் வரும். வாயுக்குள்ள திருப்பி விழுங்க விட்டு, நூல் நகரத் தொடங்க இழுக்கோணும்.

தீவான் · ஒக்ரோபர் 13

எல்லாம் சரி. குளத்து மீன் சேறு மணக்கும், அதுக்கு என்ன செய்வியள்?

நவாலிக்காரி · ஒக்ரோபர் 13

தீவான் தம்பி, கழுவத் தெரியாதவைக்கு மணக்கும். விராலைச் சாம்பலில பிரட்டி, தேங்காய்ப் பொச்சால உரஞ்சினால் அந்த வழுவழுப்பு எல்லாம் போயிடும். பிறகு மஞ்சளும் உப்பும் போட்டு ஒருக்கால், பழப்புளித் தண்ணியில ஒருக்கால் கழுவோணும். வயித்துக்குள்ள கறுத்த தோல் ஒண்டு ஒட்டிக்கிடக்கும், அதை உரிச்செடுக்காமல் விட்டால்தான் மணம். வெந்தயம் கொஞ்சம் கூடப் போட்டு, புளியை இறுக்கமாக் கரைச்சு, கடைசியில முதல்பால் விட்டு இறக்கிப் பாருங்கோ. விரால் சதை உடையாது, முள்ளும் குறைவு, பிள்ளையளுக்குக் குடுக்கலாம். பனையேறியைக் குழம்பு வைக்காதேங்கோ, முள்ளு எடுத்தே விடிஞ்சிடும். முறுகப் பொரிக்கிறதுதான் அதுக்குச் சரி.

உயிரோட பிடிச்ச விராலை இரவு முழுக்க வாளித்தண்ணியில விட்டு வைக்கிறவையும் இருக்கினம். குடல் சுத்தமாகுமாம். ஆனால் வாளிக்கு மேல மூடி போட்டுக் கல்லும் வையுங்கோ. விடிய வாளிக்குள்ள தண்ணி மட்டும் இருக்கும், விரால் குசினி அலுமாரிக்குக் கீழ கிடக்கும்.

உயிரியல் வாத்தி · ஒக்ரோபர் 15

ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: வைகாசியில் வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடக்கிற ஆற்றுக்குக் கார்த்திகையில் மீன் எங்கிருந்து வருகிறது? மேகத்தில் இருந்து விழுகிறது என்று சொன்ன பிள்ளையும் உண்டு.

மேலே பெயர் சொன்ன மீன்களைக் கவனித்துப் பாருங்கள். விரால், குறவை, பனையேறி. அவற்றோடு சுங்கான் என்ற மீசை மீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கும் காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. செவுளோடு கூட, காற்றில் இருந்து ஒட்சிசனை எடுக்க வேறு உறுப்பு அவற்றுக்கு உண்டு. விரால் இடைக்கிடை மேலே வந்து வாய் திறந்து போவது அதற்குத்தான். தண்ணீர் வற்ற வற்ற ஒட்சிசன் குறைந்து மற்ற மீன்கள் செத்துப்போகும்; இவை சேற்றுக்குள் புதைந்து ஈரப்பசையில் கிடந்து காலம் தள்ளும். மிச்சம் ஆழமான குளங்களிலும் கேணிகளிலும் தோட்டத் துரவுகளிலும் தப்பிக் கிடந்து, வெள்ளம் எல்லாவற்றையும் ஒன்றாய் இணைக்கும்போது பரவும். வழுக்கையாற்றில் கெண்டை வகைகள் குறைவாகவும் காற்றுச் சுவாச மீன்கள் கூடுதலாகவும் இருப்பதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை. எட்டு மாத வறட்சியே வடித்துவிடுகிறது.

விலாங்கின் கதை நேர்மாறானது. அது முட்டை இடக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் கடலில் இருந்து நன்னீருக்கு ஏறி வரும். அராலித் தடுப்பணையின் கதவு மழைக்குத் திறக்கும் நாட்கள்தான் அவற்றுக்கு வாசல்.

பனையேறியை ஒழுங்கையில் கண்டதாகக் கந்தரோடைப் பேரன் சொன்னது முழுக்க உண்மை. செவுள் மூடியை விரித்து நிலத்தில் ஊன்றி, வாலால் தள்ளி நகரும். பனையில் ஏறுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

முறிகண்டி மாமா · ஒக்ரோபர் 16

உங்கட ஆறு வத்தினாப் பிறகு எங்க போவியள்? கண்டி வீதியாலை இஞ்சாலைதான் வரோணும்.

கனகராயன் ஆத்தை மறிச்சுக் கட்டினதுதான் இரணைமடு. மாரி முடிய குளம் நிறைஞ்சு கிடக்கும், பிறகு சிறுபோக வயலுக்குத் துருசுக் கதவு திறந்து இறைக்க இறைக்கத் தண்ணி இறங்கும். தண்ணி இறங்கேக்க மீன் ஒடுங்கும். எனவே பங்குனி தொடங்கி ஆவணி மட்டும் எங்கட காலம். அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான்.

குளத்தில ஆகக் கூடப் பிடிபடுறது ஜப்பான் மீன், அதுதான் திலாப்பியா. 1952 இல இலங்கைக்குள்ள கொண்டுவந்து விட்டது. அது மொசாம்பிக் திலாப்பியா. பிறகு நைல் திலாப்பியாவும் வந்தது, இண்டைக்கு இலங்கைக் குளங்களில ஆகக்கூடப் பிடிபடுறது திலாப்பியா வகைதான். அதுக்குப் பிறகு கட்லா, ரோகு, மிரிகால், சாதாக் கெண்டை. கட்லாவும் ரோகுவும் குளத்தில தானாப் பெருகாது, அதுகளுக்கு ஓடுற ஆத்து வெள்ளம் வேணும். நக்டாக்காரர், அதுதான் அரசாங்க நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை ஆக்கள், குஞ்சு கொண்டந்து விடவிடத்தான் மீன் இருக்கும். விட்ட குஞ்சுக்குச் சங்கம் காவல். இதை ஏன் சொல்லுறன் எண்டால், ஊரிலயிருந்து வாற பெடியள் "குளம் எல்லாருக்கும் பொது" எண்டு வலையோட வந்து நிக்கிறாங்கள். தடி போடுறதுக்கு ஒருத்தரும் பெரிசாத் தடை சொல்ல மாட்டினம். ஆனால் வந்த உடனே கரையில நிக்கிற நன்னீர் மீன்பிடிச் சங்கத்து ஆக்களிட்டை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்கோ. வலை எண்டால் அனுமதி வேணும், 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்ச கண் குளத்தில ஆகாது.

ஜப்பானுக்கு நாக்கிளிப் புழு, பாண் உருண்டை. சாதாக் கெண்டைக்கு கோதுமை மாவைத் தவிட்டோட பிசைஞ்சு, கொஞ்சம் கடலைப் பிண்ணாக்குச் சேர்த்து உருட்டி, அடியில கிடக்க விடுங்கோ. பொறுமை வேணும். குளக்கட்டில இருந்து போடாமல், பழைய மரக்கட்டையள் தண்ணிக்குள்ள நிக்கிற இடமாப் பாருங்கோ.

குளம் நிரம்பி வான் பாயேக்க கீழ நிண்டு மீன் பிடிக்கிறது ஒரு திருவிழா. பாய்ச்சலுக்கு எதிர்த்து ஏறுற மீனை அத்தாங்காலை அள்ளுவாங்கள். ஆனால் 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட ஒருத்தரும் வான் கதவுக்குக் கீழ விளையாட மாட்டினம். கதவு திறக்கிறது உங்களைக் கேட்டு இல்லை.

இன்னுமொண்டு. குளத்தில முதலை இருக்கு. தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு தடி போடுற பழக்கம் வழுக்கையாத்தோட நிக்கட்டும்.

ஸ்காபரோத் தம்பி · ஒக்ரோபர் 16

மாமா, நான் டிசம்பர் 18 ஊருக்கு வாறன், ஜனவரி 9 திரும்புறன். ஏழு அடித் தடி, ஸ்பின்னிங் றீல், றப்பர் தவளை எல்லாம் கொண்டுவாறன். இஞ்ச பாஸ் மீனுக்குப் போடுற அதே றப்பர் தவளை விராலுக்கு எடுபடுமா? அம்மம்மா வீடு சங்குவேலி.

கந்தரோடைப் பேரன் · ஒக்ரோபர் 17

எடுபடும். ரெண்டு முள்ளு மேல பாத்தபடி இருக்கிற சாமான் எண்டால் இன்னும் நல்லம், தாமரையில சிக்காது. கறுப்பு, மண்ணிறம் காணும், பச்சை மஞ்சள் எல்லாம் வாங்குறவனுக்குத்தான் வடிவு. நூல் மெல்லிசாப் போடாதை தம்பி. விரால் பிடிச்ச உடனே நேரா வேருக்குள்ள ஓடும், விட்டுப் பிடிக்கிற விளையாட்டுக்கு அங்க இடமில்லை. பின்னல் நூல் 30 இறாத்தல், முன்னுக்கு ஒரு முழம் தடிச்ச தங்கூசி. மதகடியில உன்ர ஏழு அடித் தடியைச் சுழட்டினால் மின்கம்பியில கொழுவும், அதையும் யோசி.

ஆற்றங்கரையான் · ஒக்ரோபர் 19

தொண்டைமானாத்துக்காரன் ஒருத்தனும் வரேல்லைப் போல, நான் வாறன்.

எங்கடது ஆறு இல்லை, கடல்நீரேரி. ஆனால் மாரிக்கு அது ஆறாத்தான் நடக்கும். வடமராட்சி முழுக்கப் பெய்யிற தண்ணி உள்ளுக்கு நிறைஞ்சு, தடுப்பணைக் கதவைத் திறந்தால் கடலுக்குப் பாயும். கதவு பூட்டிக் கிடக்கேக்க உள்ளுக்கு இருக்கிற மீனும், திறந்தாப் பிறகு வாற மீனும் வேற வேற.

பூட்டின காலத்தில: திரளி, மணலை, ஜப்பான். ஜப்பான் உப்புத்தண்ணியையும் தாங்கும், அதால இஞ்சயும் நிரம்பிப்போச்சு. திரளி முள்ளுக்கு லேசில வராது, வீச்சு வலைதான்.

திறந்த காலத்தில: இறால். கார்த்திகை, மார்கழியில கடல் கொந்தளிச்சு வள்ளம் இறக்கேலாமல் கிடக்கேக்க எங்கட சனத்தின்ர அடுப்பு எரியிறது இந்த இறாலாலதான். இரவில வெளிச்சம் வச்சு அத்தாங்கு போடுவினம். தொழில் ஆக்கள் நிக்கிற இடத்தில விளையாட்டுக்காரர் போய் நெருக்காதேங்கோ. அவை அண்டாண்டு பிழைப்பவை.

தடிக்காரனுக்கு உள்ளது கொடுவா. வெள்ளம் வடியத் தொடங்கி, உப்பும் நன்னீரும் கலக்கிற கோட்டில நிண்டு குஞ்சு மீனை அடிக்கும். உயிர் இறாலை வால்பக்கம் கொழுவி ஓட்டத்தோட விடுங்கோ. கல்லுக் கட்டோரம், அந்தி நேரம். கொடுவாக் குஞ்சு நன்னீருக்குள்ளயும் ஏறும். அராலிப் பக்கமும் இதே மாதிரிக் கிடைக்கலாம், அந்தப் பக்கத்து ஆக்கள் சொல்லட்டும்.

அராலிப் பெடியன் · ஒக்ரோபர் 19

கிடைக்கும் அண்ணை. ஆனால் இப்ப கொஞ்ச வருசமா ஒரு கோஷ்டி பாலத்துக்குக் கீழ கரைக்குக் கரை தங்கூசி வலை கட்டுது. மேல ஏறுற மீன், கீழ இறங்குற மீன் எல்லாம் அதில. தங்கூசி வலை 2006 இலயே தடை செய்தது எண்டு சொன்னால் "கடலுக்குத்தான் சட்டம்" எண்டு பதில் வருது. விலாங்குக் குஞ்சு பற்றி வாத்தியார் எழுதினதை அச்சடிச்சுப் பாலத்தில ஒட்டலாம் போல கிடக்கு.

நவாலிக்காரி · நவம்பர் 3

மழை தொடங்கீற்றுது. மீன் கதையை ஒருக்கா நிப்பாட்டி இதை வாசியுங்கோ.

2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் பரவி உயிர் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளம் வந்து நிண்ட பிறகு வந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணியில புண் காலோட நிண்டால் காணும். நீங்கள் முழங்காலளவு வயல்தண்ணியில நிண்டுதான் பனையேறி பிடிக்கிறியள். காலில வெட்டுக்காயம், சேத்துப்புண் இருந்தால் இறங்காதேங்கோ. வயலுக்கு இறங்கிற ஆக்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை குடுக்கிறவை, உங்கட பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டைக் கேளுங்கோ. மீன் பிடிச்சு வந்து பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு எண்டால் பனடோலோட படுக்காமல் ஆசுப்பத்திரிக்குப் போய், தண்ணியில நிண்டனான் எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ. சொல்லாட்டி டொக்டர் டெங்கு எண்டுதான் முதல் பாப்பார்.

சுங்கான் குத்தினாலும் இதோட சொல்லிப்போடுறன். நெஞ்சுச் செட்டையில இருக்கிற முள்ளில விசம். உயிர் போகாது, போறமாதிரி இருக்கும். கை பொறுக்கிற அளவு சுடுதண்ணியில குத்தின இடத்தை அரை மணித்தியாலம் வைச்சிருந்தால் நோவு இறங்கும், அந்த விசம் சூட்டுக்கு முறியும். கொதிதண்ணி ஊத்திப் பொக்களம் வாங்காதேங்கோ. முள்ளு உள்ளுக்கு முறிஞ்சு நிண்டால் வைத்தியசாலை, ஏற்பு ஊசி.

தீவான் · நவம்பர் 3

அக்கா, மீன் பிடிக்கிற ஆசையே விட்டுப்போச்சு. பாசையூரில வாங்கிச் சாப்பிடுறன்.

அளவெட்டியான் · நவம்பர் 27

ஆறு ஓடுது! முந்தநாள் இரவு தொடங்கி விடாத மழை. மதகுக்கு மேலாலை தண்ணி போகுது. பெடியள் வயல்வாயில பனையேறி கூடை நிறைய அள்ளுறாங்கள். குறவையும் கொஞ்சம். பேரன் சொன்னமாதிரி விரால் ஒண்டையும் காணேல்லை. பிளாஸ்ரிக் போத்தலும் சொப்பிங் பாக்கும் பிடிபடுறதுதான் கூட.

சங்கானை சிவம் · டிசம்பர் 8

தண்ணி தெளிஞ்சிட்டுது. இண்டைக்கு விரால் ஒண்டு, பார்ப்போட நிண்டது. செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் பந்தாச் சுழண்டு சுழண்டு மேல வர, அதுக்குக் கீழ தாய். குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில தவளையைப் போட்டால் ஒரே அடி. இரண்டு கிலோவுக்குக் கிட்ட. விரால் பிடிக்க இதைவிட லேசான வழி இல்லை, பாருங்கோ.

கந்தரோடைப் பேரன் · டிசம்பர் 8

சிவம் அண்ணை, லேசான வழிதான். அது பசிக்கு அடிக்கேல்லை, குஞ்சைக் காக்க அடிச்சது. தாயை எடுத்தால் அண்டு பின்னேரத்துக்கிடையில குறவையும் கொக்கும் அந்தக் குஞ்சு முழுக்கத் திண்டு முடிச்சிடும். எங்கட ஊரில பார்ப்போட நிக்கிற விராலுக்குத் தூண்டில் போடுறேல்லை.

சங்கானை சிவம் · டிசம்பர் 9

உங்கட ஊரில இல்லையெண்டால் எங்கட ஊரிலயும் இல்லையோ? அப்பு காலத்தில இருந்து இப்பிடித்தான் பிடிக்கிறம். விரால் அழிஞ்சா போச்சு? பேந்து, இந்த ஆறு தையில வத்தும். வத்தினால் குஞ்சும் சாகும், தாயும் சாகும், கொக்குக்குத்தான் லாபம். கொக்குத் தின்னிறதை நான் தின்னுறன். இதில என்ன பாவம்?

உயிரியல் வாத்தி · டிசம்பர் 9

சிவம் சொல்வதில் பாதிக்கு நியாயம் உண்டு. பிந்திப் பொரித்த குஞ்சுகளில் பெரும்பகுதி வற்றும் ஆற்றோடு போய்விடும். ஆனால் எல்லாம் அல்ல. மார்கழிக் குஞ்சு மாசிக்குள் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்துவிடும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் அதற்குள் வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்த அளவுக்கு வந்ததுதான் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழையைக் காண்கிறது. தாயும் தகப்பனும் காக்காமல் விட்டால் அந்த அளவுக்கு ஒன்றும் வராது. விராலில் பெரும்பாலும் தகப்பனும் கூட நின்று காக்கும், ஆகவே நீங்கள் பிடித்தது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

அப்பு காலத்தில் ஊருக்கு நாலு பேர் தடி பிடித்தார்கள். குளங்களும் தூர்ந்து கிடக்கவில்லை. அன்றைக்குத் தாங்கியதை இன்றைக்கு இந்த ஆறு தாங்காது.

ஸ்காபரோத் தம்பி · டிசம்பர் 9

ஒன்ராறியோவில கனக்க இடத்தில பாஸ் மீன் முட்டை காக்கிற காலத்தில பிடிச்சு வீட்ட கொண்டுபோகேலாது. லைசென்ஸ் இல்லாமல் தடி போட்டாலே தண்டம். எங்கட ஆக்களே அங்க போய் ஒழுங்காத்தான் நடக்கினம். ஊருக்கு வந்தால் மட்டும் சட்டம் கசக்குது.

சங்கானை சிவம் · டிசம்பர் 10

தம்பி, கனடாச் சட்டத்தைக் கனடாவில வையும். உமக்கு மீன்பிடி விளையாட்டு, எனக்கு அது ஒரு நேரக் கறி. கடல்மீன் கிலோ என்ன விலை விக்குது எண்டு தெரியுமா? மார்கழிக் கடலுக்கு ஆர் போறான்?

வாத்தியாருக்காக ஒண்டு சொல்லுறன். குஞ்சு சிவப்பா இருக்கும்வரைக்கும் விடுறன். கறுத்து, கூட்டம் கலைஞ்சாப் பிறகு பிடிப்பன். அதுக்கும் ஆரும் குறுக்க வராதேங்கோ.

கந்தரோடைப் பேரன் · டிசம்பர் 10

அது காணும் அண்ணை.

ஆற்றங்கரையான் · டிசம்பர் 14

விராலுக்கு இவ்வளவு சண்டை பிடிக்கிற நீங்கள், 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் வந்தால் என்ன செய்வியள் எண்டு யோசிச்சனீங்களோ? பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல முன்வைச்சது. கனகராயன் ஆத்துத் தண்ணி ஆனையிறவுக் கடல்நீரேரியில சேர, அதை முள்ளியான் வாய்க்காலால வடமராட்சிக் கடல்நீரேரிக்கும், அங்கயிருந்து உப்பாத்துக்கும் கொண்டுவந்து, தொண்டைமானாறும் அரியாலையும் கதவால மறிச்சு, எல்லாத்தையும் நன்னீராக்கிறது. கிணறுகளுக்கு நல்லம் எண்டு சொல்லீனம், ஓமெண்டும் இருக்கலாம். ஆனால் உள்ளுக்கு உப்பு இல்லாட்டி இறால் இல்லை. விரால் வரும், கட்லா விடலாம் எண்டு சொல்லுறவை, இரவில அத்தாங்கோட நிக்கிற குடும்பத்துக்கு அதை விளங்கப்படுத்தோணும்.

முறிகண்டி மாமா · டிசம்பர் 14

எங்கட பக்கத்தில கமக்காரனுக்கே காணாத தண்ணியை உங்களுக்கு ஆர் தரப்போறான், அதை முதல் சொல்லுங்கோ.

நெறியாளர் · டிசம்பர் 14

ஆற்றுத் திட்ட விவாதம் நீளும் என்று தெரிகிறது. அதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே மீன் மட்டும்.

ஸ்காபரோத் தம்பி · டிசம்பர் 27

சங்குவேலி அறிக்கை: றப்பர் தவளைக்கு மூண்டு விரால் வந்தது, ஒண்டைத்தான் கரை சேர்த்தன். கறுப்புத்தான் எடுபட்டது, பேரன் அண்ணை சொன்ன மாதிரியே. மச்சான் பக்கத்தில நிண்டு கமுகஞ்சிலாகைத் தடியில புழுவைக் கொழுவி நிமிசத்துக்கு ஒரு பனையேறி இழுக்கிறான். என்ர 200 டொலர் றீலைப் பாத்து அவன்ர மகள் சிரிக்கிறாள்.

கேள்வி ஒண்டு. சுண்டிக்குளம் பக்கம் போகலாமா? படத்தில பாக்க நல்ல இடமாக் கிடக்கு.

முறிகண்டி மாமா · டிசம்பர் 27

பறவை பாக்கப் போம், தடியை வீட்ட வையும். சுண்டிக்குளம் 2015 தொடக்கம் தேசிய பூங்கா. அதோட, முகமாலை, ஆனையிறவுப் பக்கம் மிதிவெடி எடுத்து முடிச்ச இடம், முடிக்காத இடம் எண்டு கிடக்கு. சிவப்புப் பலகை நட்ட இடத்துக்கு மீனுக்கும் போகாதை, மூத்திரத்துக்கும் போகாதை.

நேர இஞ்ச வாரும். குளம் நிறைஞ்சு கிடக்கு, ஜப்பான் கரையோரம் கடிக்குது. ஜப்பான் குஞ்சை வாயுக்குள்ள வைச்சுக் காக்கிற சாமான், பெட்டை மீனைப் பிடிச்சுத் தூக்கேக்க வாயாலை குஞ்சு கொட்டினால் தண்ணிக்குள்ள விட்டிட்டு அடுத்ததைப் பாரும். அதுக்காக அழவேண்டாம், ஜப்பான் பெருகிறதில குறைவே இல்லை.

அராலிப் பெடியன் · ஜனவரி 19

ஆறு நிண்டிட்டுது. இப்ப குட்டை குட்டையாக் கிடக்கு. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு குட்டையை இரவோட இரவா வோட்டர் பம் போட்டு இறைச்சு, அடிச்சேறு வரைக்கும் கிண்டி அள்ளிக்கொண்டு போட்டாங்கள். நூலளவு ஆரல் கூட விடேல்லை. இதுக்கு ஆரிட்டைச் சொல்லுறது?

சங்கானை சிவம் · ஜனவரி 19

என்ன பேய்த்தனம். நான் பார்ப்போட விரால் பிடிச்சதுக்கு இவ்வளவு கதைச்சியள், உவங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லையோ? அது எந்தக் குட்டை, கோயிலுக்குப் பின்னால இருக்கிறதோ? அடுத்தது அவங்கள் எங்கட பக்கத்துக்குத்தான் வருவாங்கள்.

உயிரியல் வாத்தி · ஜனவரி 20

அந்தச் சேற்றில் கிடந்ததுதான் அடுத்த கார்த்திகை மீன். ஆறு ஓடும் நிலம் கமநல சேவை நிலையத்தின் பார்வையில் வருகிறது, பிரதேச செயலகமும் இருக்கிறது. இரண்டுக்கும் எழுத்தில் கொடுங்கள். படம் இருந்தால் சேருங்கள். கமக்காரர் சங்கத்தைக் கையெழுத்துக்குச் சேர்த்தால் வேகம் கூடும். அவர்களுக்கும் குட்டை வற்றினால் பக்கத்துக் கிணறு இறங்கும் என்பது தெரியும்.

அராலிப் பெடியன் · ஜனவரி 20

கமக்காரர் சங்கத் தலைவர் பெரியப்பாதான். கடிதம் நான் எழுதுறன், சிவம் அண்ணை சங்கானைப் பக்கத்துக் கையெழுத்தை எடுத்துத் தாங்கோ.

சங்கானை சிவம் · ஜனவரி 20

ஞாயிறு பின்னேரம் சந்தைக்கு முன்னால நிப்பன். பேனை கொண்டு வாரும்.